நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

பயப்படாமல் நிஜமாகவே குதிக்கலாம், பட்டனெல்லாம் கிடையாது என்று சொல்லி, திவ்யாவின் தலையில் ஹெல்மெட் மாதிரி கனமான ஒன்றை மாட்டிவிட்டாள் மானசா.

கண்ணுக்கு முன்னால் கடல்.

சிறுசேரி ஆபீஸின் மூன்றாவது மாடியில், ஏசி அறையில், ரப்பர் பாய்மேல் நிற்கிறோம் என்பதே ஒரு நிமிஷத்தில் மறந்துபோனது. அவள் சின்னப் பெண்ணாக இருந்த 2008-ல் இப்படியொரு விளையாட்டை யார் கண்டார்கள்!

அப்போதெல்லாம் குதிக்கிற விளையாட்டு என்றால் டிவிதான். பொம்மை ஓடும், பள்ளம் வரும், பட்டனை அமுக்கினால் தாண்டும். திவ்யா அமுக்கினால் விழும். ஜாய்ஸ்டிக் சரியில்லை என்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அண்ணன் தர்மராஜ் சிரிப்பான்.

இங்கே பொம்மையே இல்லை. அவளேதான் குதிக்க வேண்டும்.

பாறைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அவர்கள் ஊர்க் கடலில் வரிசையாக நிற்கிற அதே ஐந்து பாறைகள்.

மானசாவோடு சேர்ந்து இந்த விளையாட்டைச் செய்கிறவன் தர்மராஜ். அவன் இதைச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வா என்று மட்டும் போனில் கூப்பிட்டான். இப்போது பக்கத்தில்தான் நிற்கிறான்.

எல்லப்பன் செத்தது அங்கேதான். அவளுடைய சின்ன அண்ணன். பன்னிரண்டு வயது. பதினைந்து வருஷம் ஆகிறது.

நாலாவதிலிருந்து ஐந்தாவது பாறைக்குத் தாவினான், வேணாம்டா என்று கத்தினேன், ரெண்டு ஆள் நீளத்துக்குப் பள்ளம், எட்டாமல் விழுந்துவிட்டான் என்றான் தர்மராஜ். கூட இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் சொன்னதுதான் நடந்தது.

எட்டாததுக்கு ஆசைப்பட்டான் பாவி என்று அம்மா இன்றைக்கும் செத்த பிள்ளையைத் திட்டித்தான் அழுகிறாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. திவ்யா தாண்டிக்கொண்டே போனாள். கீழே அலை மோதும்போது பாதம் கூசியது.

நாலாவதில் நின்று, மனசைத் திடப்படுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பள்ளத்தைக் காணோம்.

ஒரு எட்டு. அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுப் பையன் நொண்டியடித்தே தாண்டிவிடுவான். தானாக விழுகிற இடமே இல்லை அது.

டிவி விளையாட்டில் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. இங்கே முடிந்தது.

அதே பாறையில், அவளுக்குப் பின்னால், இன்னொரு ஆள் நிற்க இடம் இருந்தது. கையை நீட்டினால் முதுகில் படுகிற தூரம்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணா இது, இவ்ளோ கிட்டவா கீது? அளவு தப்பா போட்டுட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அவள் மனசு கெஞ்சியது. தர்மராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதில் சொன்னது மானசாதான். பாவம், ஒன்றும் தெரியாதவள்.

"தப்பே இருக்காதுங்க. நான் அளந்தா சரியா வராதுன்னு அவரே டேப் எடுத்துட்டுப் போய், அந்த ஒரு எடத்த மட்டும் மூணு தடவ அளந்துட்டு வந்தாரு. மொதல்ல நீங்கதான் ஆடணும்னும் சொல்லிட்டாரு."