நம்பிக்கையான ஆள்

"ஊசியை எங்கே போடணும்னு தெரியுமா?"

"வயித்துல, இல்லேன்னா தொடையில. நேத்துப் போட்ட அதே இடத்துல இன்னைக்குப் போடக் கூடாது."

சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் பதில் சொன்னவள். நடுவில் அப்பா, எதிலும் தலையிடாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இந்த ஆளைச் சிபாரிசு செய்ததே அவர்தான்.

மகளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததுமே, மூக்குக் கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள் அம்மா. விரலில் குத்தி ரத்தம் பார்ப்பது, இன்சுலின் போடுவது, மதியம் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது எல்லாம் அவள் ஒருத்தியே. கணவனைக்கூட ஊசியைத் தொட விட்டதில்லை. இப்போது கடையில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"சர்க்கரை இறங்கிட்டா எப்படித் தெரியும்?"

"கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். காரணமே இல்லாம எரிஞ்சு எரிஞ்சு விழுவா."

"அது அவங்கம்மா வழி. நோய்ல சேராது," என்றார் அப்பா.

"நீங்க பேசாம உரிங்க. ம், அப்ப என்ன செய்வே?"

"உடனே ஜூஸ். கால் மணி நேரம் கழிச்சு மறுபடி டெஸ்ட்."

"அவ அழுத்தக்காரி. ஒண்ணுமில்லே ஒண்ணுமில்லேன்னு மழுப்புவா. நம்பிடுவியா?"

"நம்ப மாட்டேன். அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே கீழே வைத்தாள். "போன வருஷம் ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டா. அதுலேர்ந்து எனக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லே."

"அன்னைக்கு ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி டெஸ்ட் பண்ண அவளுக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் பண்ணலே. இனிமே அப்படி நடக்காது."

அப்பாவின் கை நின்றது. அம்மாவுக்கு இது புதுச் செய்தி. திட்ட வாயெடுத்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனாள்.

"ஏதாவது தப்பாயிட்டா?"

"மறைக்க மாட்டேன். உடனே போன் பண்ணிடுவேன்."

மடியில் இறுக்கிப் பிடித்திருந்த மருந்துப் பையை மேஜைமேல் வைத்து, மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினாள் அம்மா. "என் உசுரையே உன்கிட்ட ஒப்படைக்கறேன், பார்த்துக்க. இப்ப ஊசி நேரம்தான். எங்கே, போட்டுக் காட்டு."

பை திறக்கப்பட்டது. அளவு சரிபார்க்கப்பட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அம்மா திருப்பிக்கொள்ளவில்லை.

"நீ நிம்மதியா வேலைக்குப் போம்மா," என்றபடி, பள்ளிச் சீருடையை லேசாக உயர்த்தி, தன் வயிற்றில் முதல்முறையாகத் தானே ஊசியைப் போட்டுக்கொண்டாள் மகள்.