புரட்டாசிச் சனிக்கிழமை, ஒரு ஆனியன் ரவா

அடுப்படி ஜன்னலில் கையை ஊன்றி நின்றான்.

உள்ளே தோசை மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார்.

மேசையில் ஐந்து பேர். வாயைத் திறந்தால் நான்கு பேருடைய ஆர்டர்தான் வந்தது.

வராதது நீலமேகம் சாருடையது.

பத்திரப் பதிவு ஆபீசில் தலைமை எழுத்தர். சாம்பார் ஆறியிருந்தால் ஓட்டலே அதிரும். இவனைத் திட்டாமல் அவருக்குச் செரிக்காது.

ஆபரேஷனுக்கு முன்பு, மொத்த வரிசையின் ஆர்டரையும் சீட்டில்லாமல் ஒரே மூச்சில் சொல்கிற சப்ளையர் அவன்.

தைராய்டு கட்டியை எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். கூடவே வேறென்ன எடுத்தார் என்று சொல்லவில்லை.

மறதிக்கு மாத்திரை. அதை மறக்காமல் போட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

முதலாளி நல்லவர். இன்று ஒரு மேசை மட்டும். சரியாக வந்தால் பழையபடி சப்ளை. இல்லாவிட்டால் மேசை துடைக்கிற வேலை.

கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்க் கேட்கலாம். கேட்டால், முடிந்தது.

"என்னய்யா, தோசையா தியானமா?" என்றார் மாஸ்டர்.

"ஆனியன் ரவா ஒண்ணு."

நாக்கு தானாகச் சொன்னது.

தட்டை வைத்த பிறகுதான் சாரின் நெற்றியைப் பார்த்தான். பளிச்சென்று நாமம். புரட்டாசிச் சனி.

'வெங்காயம் போடாம ஒரு ரவா.' அப்படித்தான் கேட்டிருந்தார். இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

சார் தட்டைப் பார்த்தார். இவன் காலருக்கு மேலே தெரிந்த தையல் தழும்பைப் பார்த்தார். கல்லாவைப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொரு வெங்காயமாகக் கிள்ளி ஓரத்தில் ஒதுக்கினார். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார்.

"சார், எல்லாம் சரியா வந்துச்சா?" முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"கரெக்டா வந்துச்சு."

இவ்வளவு மெதுவாக அவர் பேசி இவன் கேட்டதில்லை.

முதலாளி தலையாட்டினார். பழைய வேலை கிடைத்துவிட்டது.

தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் சாரின் காதருகே குனிந்தான்.

"சார், எப்பவும் போல ரெண்டு வார்த்த திட்டுங்க சார்."

சார் நிமிரவில்லை.

அவர் முகத்தையே பார்த்தபடி ஊற்றினான். டம்ளர் நிறைந்தது. வழிந்தது. மேசையில் ஓடி, அவர் வேட்டியில் சொட்டியது.

சார் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார்.