கிளப்பில் பார்த்த படம்

கல்யாணமான புதிதில், அறுபத்தொன்பதில், கோலார் தங்கவயல் சுரங்கக் கிளப்பில் பார்த்த அமெரிக்கப் பேய்ப் படம். பாஸ்கரனும் விமலாவும் அதை இப்போது வாடகைக் கேசட்டில் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் மருமகள் மேகனா பயத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

திடீரென்று வீடு குலுங்கியது. மேகனா அலறினாள். விமலா டி.வி.யிலிருந்து பார்வையை எடுக்காமலே எழுந்து, அலமாரிப் பாத்திரங்களை அணைத்துப் பிடித்தாள்.

"இன்னாம்மா, இதுக்குப் போயி பயப்படுற? கீழ மைன்ஸ்ல வெடி வெக்கிறாங்க. அன்னிக்கு கிளப்புலயும் இப்படித்தான் அதிர்ந்துச்சு. பேய்க்குத்தான் கத்துனோம், இதுக்கு ஒருத்தரும் அசையல."

மேகனா தயங்கினாள். "அத்தை, மைன்ஸ மூடி நாலு மாசம் ஆச்சுன்னு மாமா காலைலதான சொன்னாரு?"

பாஸ்கரன் படத்தை நிறுத்தப் போனார். பாத்திரங்கள் மறுபடி அதிர்ந்தன.

"நிறுத்தாதீங்க," என்றாள் விமலா. "சவுண்டைக் கூட்டி வைங்க."