ஈரம் புகாத பெட்டி

மடார்!

தச்சரின் தலை மரப்பெட்டியின் மூலையில் மோதியது. நெற்றி பிளந்து வழிந்த ரத்தம், சட்டைப் பையிலிருந்த பென்சிலை நனைத்தது.

"என் தங்கச்சியக் கொன்னுட்டியேடா பாவி!" கசாப்புக் கடைக்காரன் அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். எலும்பு வெட்டிப் பழகிய கை. இறுகினால் இறுகியதுதான்.

அறை மூலையில் வெள்ளைத் துணிக்கடியில் அந்தத் தங்கச்சி கிடந்தாள். கழுத்தில் நீலம் பாரித்த தடம் துணிக்கு வெளியே தெரிந்தது. பட்டறையிலிருந்து தெரு வழியாக இழுத்துவரப்பட்ட தச்சர் அதைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு குத்து விழுந்தது. பல் ஒன்று தரையில் உருண்டது.

"விடாதீங்க மச்சான்!" லாரி ஓட்டும் கணவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். "பத்து நாள் கழிச்சு இன்னைக்குக் காலையிலதான் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் வராததுமா இந்தப் பாழாப்போன மலைப்பாம்ப வச்சு அவளோட சண்டை. குளிச்சிட்டு வந்து பாக்கறேன், இவன் செஞ்ச பெட்டி திறந்து கெடக்கு, பாம்பு அவ கழுத்துல சுத்தியிருக்கு! பிரிச்செடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"பாம்பு எங்க மாப்ள?"

"ஜன்னல் வழியா ஓடிடுச்சு மச்சான்."

அவள் பிள்ளையைப் போல் வளர்த்த பாம்பு. ஈரம் குறைந்தால் அதற்குத் தோல் சரியாக உரியாது என்று நாளுக்கு நாலு முறை தண்ணீர் தெளிப்பாள். அந்த ஈரத்தில் பழைய பெட்டி ஊறி உப்பியதால்தான் தச்சரிடம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருந்தாள்.

"ஈரத்துல பலகை உப்பும், கொண்டி தெறிக்கும்னு தெரியாது? நீயெல்லாம் ஒரு தச்சனா?" அண்ணன் பெட்டிக்குள் கைவிட்டு ஓரம் ஓரமாகத் தடவினான். உள்ளே மண் இல்லை, தண்ணீர்க் கிண்ணம் இல்லை. விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. வினிகர் மாதிரி புளித்த வாடை. எரிச்சலோடு அதைத் தச்சரின் சட்டையிலேயே துடைத்தான்.

"அண்ணே... பெட்டியில இன்னும்..."

வயிற்றில் உதை. தச்சர் சுருண்டார்.

கணவன் சுத்தியலை எடுத்து நீட்டினான். "அந்தக் கைய உடைங்க மச்சான். இனிமே எவன் வீட்டுக்கும் அவன் ஆணி அடிக்கக் கூடாது."

அண்ணன் தச்சரின் வலது கையைப் பெட்டி மேல் விரித்து அழுத்தினான். சுத்தியல் உயர்ந்தது.

"போடுடா கீழ!"

வாசலில் பெண் இன்ஸ்பெக்டர். இரண்டு காவலர்கள் பாய்ந்து அவனை மடக்கினார்கள்.

"இந்தாள் செஞ்ச பெட்டிதான் மேடம் என் தங்கச்சியக் கொன்னுச்சு. கேளுங்க அவனை!"

"பல்ல எல்லாம் உதிர்த்துட்டுக் கேளுங்கன்னா எப்படிய்யா? நீங்க சொல்லுங்க பெரியவரே. பெட்டியில என்ன குறை வச்சீங்க?"

தச்சர் ரத்தத்தைத் துப்பினார். தப்பித்த விரல்களால், பலகைகள் சேரும் இடத்தில் பளபளத்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"குறையே வைக்கலம்மா. மூணு கோட்டிங் வார்னிஷ், மூட்டுக்கு மூட்டு சிலிக்கான். பொட்டுத் தண்ணி இறங்காது. நேத்து சாயங்காலம் இங்க கொண்டுவந்து வச்சிட்டுத்தான் சிலிக்கான் பூசினேன். வாடை போய்க் காய ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் பாம்ப உள்ள விடாதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அவங்க கேக்கலையாக்கும்?"

"கேட்டுச்சும்மா." தச்சர் கணவனை நிமிர்ந்து பார்த்தார். "நேத்தே அது என்கிட்ட கொடுத்தனுப்பின பாம்பு, பழைய பெட்டியோட இன்னும் என் பட்டறையிலதான் இருக்கு."