அண்ணாச்சி என்ன சொல்றேள்?

மும்பையின் கல்யாண் லோக்கல் ரயிலில் தினமும் சேர்ந்து போகிற கூட்டத்துக்கு அன்று காலை வேறு பேச்சே இல்லை. முந்தின நாள் மேட்சில், பாகிஸ்தானுக்கு எதிராக, கைக்கே வந்த கேட்சை நம் டீமில் இருந்த ஒரே முஸ்லிம் பையன் கோட்டைவிட்டிருந்தான்.

"மத்த டீம்னா பறந்து பறந்து பிடிக்கறான். பாகிஸ்தான்னா மட்டும் கை வழுக்கறது," என்றார் பேங்க் ஆபீசர் வேங்கடசுப்ரமணியன்.

"சப் செட்டிங் ஹை," எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான் என்றார் எதிர் சீட் பாட்டீல்.

"அண்ணாச்சி என்ன சொல்றேள்?"

தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் அண்ணாச்சி. அவருடைய திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு அந்தப் பெயரை வைத்ததே வேங்கடசுப்ரமணியன்தான். ரயிலில் எல்லோருக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அவன டீம விட்டே தூக்கிரணும் சார்," என்றார் அண்ணாச்சி.

"கேட்டேளா? இவர்தான் தேசபக்தர்." வேங்கடசுப்ரமணியன் அவர் தோளைத் தட்டினார்.

சயான் ஸ்டேஷனில் இறங்கியதும் அண்ணாச்சியின் போன் அடித்தது. மகள் ஷைஸ்தா.

"வாப்பா, மும்பை லேடீஸ் டீம்ல என்னைய எடுத்துட்டாங்க."

ஜன்னலிலிருந்து வேங்கடசுப்ரமணியன் கையசைத்தார். அண்ணாச்சி என்கிற ஜெயினுலாப்தீனும் சிரித்தபடி கையசைத்தார். ரயில் கண்ணைவிட்டு மறையும்வரை போனில் பேசவில்லை.

"வாப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா. ரொம்ப சந்தோசம்," என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்ச மட்டும் விட்டுராத."