தவறவிட்ட திருப்பம்

மற்ற வண்டிகளெல்லாம் தாமே ஓடிக்கொள்கின்றன. கையால் ஓட்ட அனுமதி உள்ளவை சூப்பர் கார்கள் மட்டும்தான். ஞாயிறு காலை அவிநாசி சாலை பேக்கரி வாசலில் எங்கள் கிளப் கூடினாலே சண்டைதான்.

"நூறைத் தொட ரெண்டே செகண்டுங்க" என்றான் கவின்.

"தொட்டுட்டு நிக்கணுமே, அந்த பிரேக்கைப் பத்திப் பேசு" என்று சீறினாள் ஷபானா.

புதிதாகச் சேர்ந்த பூவிழி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதே இல்லை. "அப்புறம் எதுக்குங்க இதை வாங்குனீங்க?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"எங்க விவாகரத்து அன்னைக்கு கோர்ட்டுல கெத்தா இறங்கணும்னு வாடகைக்கு எடுத்தேனுங்க. ஒரே வீடு, ஒரே கோர்ட்டுன்னு எங்க வீட்டுக்காரரும் ஏறிக்கிட்டாரு. வழியெல்லாம் சண்டை. அதுல கோர்ட்டுக்குத் திரும்புற இடத்தை விட்டுட்டேன். தானா ஓடுற வீட்டு வண்டியா இருந்தா கரெக்டா கொண்டுபோய் இறக்கியிருக்கும். நாங்க சூலூரே தாண்டிட்டோம். பசி வேற. ஆளுக்கு ரெண்டு பரோட்டா சாப்பிட்டோம். அடுத்த மாசமே இதை வாங்கிட்டோம்."



அவள் வண்டியைக் கிளப்பினாள். "வீட்டுக்கு லெஃப்ட்ல போகணும்" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த கணவர்.

அவள் சிரித்துக்கொண்டே வலப்பக்கம் திருப்பினாள்.