பதினேழு புள்ளி ஆறு

"மறுபடியும் பூஜ்யம்!" என்றான் பாஸ்கல். அணுக்கரு இணைவு விவரங்களெல்லாம் கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருந்தன. 17.6 எம்.இ.வி. ஆற்றல் தரும் வினை எது என்று கேட்டால் மட்டும், ஒன்றுமில்லை என்றது. பதினோரு மணிக்குத் தேர்வாளர் வந்துவிடுவார்; பதில் காட்டாவிட்டால் பெயில்.

"எவனோ அரைகுறை டைப் அடிச்சிக்கீறான், மச்சான்," என்றான் நண்பன் தங்கவேல்.

"சும்மா இருடா."

அதைக் கேட்டபடியே சாப்பாடு கொண்டுவந்த பாஸ்கலின் அக்கா சகாயமேரி திரையை எட்டிப் பார்த்தாள். "தம்பி, ஒண்ணுக்குப் பதிலா இங்கிலீஷ் சின்ன எல் போட்டுக் கேளு."

கேட்டான். டியூட்டிரியம், டிரிட்டியம் என்று வந்தது. பாஸ்கலுக்கு உயிர் வந்தது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றான் தங்கவேல்.

"ஆவடியில நான் கத்துக்கிட்ட டைப்ரைட்டர்ல ஒண்ணுக்கு கீயே கிடையாது, சின்ன எல்தான் அடிப்போம். உங்க காலேஜுக்கு இதையெல்லாம் டைப் அடிச்சுக் கொடுத்த அந்த அரைகுறை நான்தான்."

"ஐயோ, நான் அந்த மெஷினைத்தான்க்கா சொன்னேன்!"